பொதுச்சுவர்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அடுத்த வீடு என்பது சுவருக்கு அப்பால் இருக்கும் வேறோர் உலகமன்று. அந்தச் சுவரே இரண்டு குடும்பங்களுக்கும் உரிய ஒரே சொத்து. பினாங்குத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், அடுத்த வீட்டு அம்மாள் மிளகாய் இடிக்கத் தொடங்கினால் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த முருகன் படம் மெல்ல ஆடும். எங்கள் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தால் அவர்கள் பக்கத்தில் சுண்ணாம்புக் காரை உதிரும். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட அவ்வீடுகளில், மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களின் முனைகள் இருபுறத்திலிருந்தும் அந்தப் பொதுச்சுவருக்குள்தான் செருகப்பட்டிருக்கும் என்பதை, நான் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது, கூடத்தில் ஒரு மாடம் குடைவதற்காக அப்பா அழைத்து வந்த முதிய கொத்தனார் ஒருவரிடம் தெரிந்துகொண்டேன். அப்பா சுட்டிய இடத்தில் உடனே உளியை வைத்துவிடாமல் அவர் என்னைப் பார்த்து, "தம்பி, அடுத்த வீட்டுக்குப் போயி, இந்தச் சுவத்துல அந்தப் பக்கம் என்ன சாஞ்சிருக்குன்னு பாத்துட்டு வா," என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொன்னதன் பேரில், அவர் மாடத்தின் இடத்தை இரண்டு முழம் தள்ளி நிர்ணயம் செய்தார்.

கணினி நிரல் எழுதுவதை ஜீவனோபாயமாகக் கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட இந்நாளில், பல மென்பொருள்களுக்குப் பொதுவாக இருக்கும் நிரலை எப்படிக் காப்பது, எப்படிப் புதுப்பிப்பது என்று யாரேனும் என்னைக் கேட்டால், அந்தக் கொத்தனாரின் கேள்வியைக் காட்டிலும் மேலான உத்தரம் என்னிடம் இல்லை. ஆயினும் அக்கேள்வியின் முழுப் பொருளும் எனக்கு விளங்குவதற்கு நான் பல இரவுகளை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. அந்த இரவுகளைப் பற்றியே இங்கு எழுத உத்தேசித்திருக்கிறேன்.

எங்கள் தீவில் மின்னணுத் தொழில் வேரூன்றியது 1972-ஆம் ஆண்டில், பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வலயம் திறக்கப்பட்டு, இன்டெல் முதலிய அயல்நாட்டு ஸ்தாபனங்கள் அங்கே தொழிற்சாலை அமைத்தபோதுதான். என் தாயாரும் அவ்வலயத்தின் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். உருப்பெருக்கியின் கீழ்ச் சில்லுகளைப் பரிசோதித்துப் பரிசோதித்துக் கண் சிவந்து விடியற்காலையில் வீடு திரும்புவார். அந்த வருமானத்தில் படித்த நான், சில்லுகளின் பக்கம் போகாமல், கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் 2003-ஆம் ஆண்டு சேர்ந்தேன். கடைக்குக் கடை கணினி வேறுபட்டது; ஒருவரிடம் பழைய விண்டோஸ், மற்றொருவரிடம் லினக்ஸ். ஒருமுறை எழுதி எங்கும் ஓட்டலாம் என்று 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விளம்பரப்படுத்திய ஜாவா, எங்களைப் போன்ற சிறியோருக்கு உண்மையாகவே வரப்பிரசாதமாக அமைந்தது. மளிகைக் கடைக்கு ஒன்று, உணவகத்துக்கு ஒன்று, மொத்த வியாபாரக் கிடங்குக்கு ஒன்று என மூன்று மென்பொருள்கள் எங்களிடம் இருந்தன. மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளேயெனினும், அவற்றை நாங்கள் வளர்த்த முறை மட்டும் பிரதியெடுத்தல் என்னும் எளிய முறையாக இருந்தது: ஒன்றில் நன்றாக ஓடும் பகுதியை அப்படியே நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டிவிடுவோம்.

அம்முறையின் தோஷம் 2008 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பின் வெளிப்பட்டது. அன்று முதல் ஒரு சென் நாணயத்தின் புழக்கத்தைக் குறைக்கும் பொருட்டு, கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் தொகையை ஐந்து சென்னின் மடங்காகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்திருந்தது. ஒன்றும் இரண்டும் கீழே இறங்கும். மூன்றும் நான்கும் ஐந்தாகும். ஆறும் ஏழும் ஐந்துக்கு இறங்கும். எட்டும் ஒன்பதும் பத்தாகும். விதி மிகச் சிறியது. பத்து வரியில் எழுதிவிடலாம். அந்தப் பத்து வரியை நான் மளிகைக் கடை மென்பொருளில் எழுதினேன். எழுதியதை என் சகாக்கள் மற்ற இரண்டுக்கும் எடுத்துச் சென்றார்கள். அங்கிருந்து அது ரசீது அச்சிடும் பகுதிக்கும், நாள்முடிவுக் கணக்குக்கும் பரவி, மூன்று மாதங்களில் ஏழு இடங்களில் குடியேறியிருந்தது.

அந்த ஏழில் ஒன்று, மொத்தத் தொகையைத் திருத்த வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே திருத்திக்கொண்டிருந்தது. 1 வெள்ளி 98 சென் விலையுள்ள சோப்பு மூன்றை ஒருவர் வாங்கினால், உண்மைத் தொகை 5 வெள்ளி 94 சென். திருத்தினால் 5 வெள்ளி 95 சென். தவறான பிரதியோ ஒவ்வொரு சோப்பையும் இரண்டு வெள்ளியாக உயர்த்தி, ஆறு வெள்ளி என்று காட்டியது. ஐந்து சென் வித்தியாசம். ஒரு பில்லில் அது யார் கண்ணிலும் படாது. நாள் முழுதும் ஓடும் கடையில், இரவு கல்லாவை எண்ணும் வேளையில் அது ஒரு தொகையாய்த் திரண்டு நிற்கும். பழைய சந்தையருகே கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், ரசீதுக் கட்டையும் கைக்கணக்கையும் பக்கத்தில் வைத்து, என்னை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்டினார். ஒரு பிரதியைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. அதே தவறு மற்ற ஆறில் எதிலெல்லாம் இருக்கிறது என்று தேடி உறுதிசெய்ய எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இந்த அனுபவத்தின் பலனாக, பொதுவானவற்றையெல்லாம் ஓரிடத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. பணக் கணக்கு, வரி, தேதி, ரசீது எண் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு ஜார் கோப்பாக்கி, அதற்குப் 'பொது' என்றே பெயரிட்டோம். அதே சமயத்தில், டபுள் என்னும் எண்வகையில் சென்களை வைத்திருந்த பழைய வழக்கத்தையும் ஒழித்தோம். பத்தில் ஒரு பங்கு என்பது நமக்கு எளிய பின்னமாயினும், இரும எண்முறையில் அது முடிவற்று நீளும் பின்னமாதலால், கணினி அதைச் சிறிது வெட்டித்தான் வைத்துக்கொள்ளும் என்பதையும், பணத்துக்கு ஜாவாவில் பிக்டெசிமல் என்னும் வகையே தக்கது என்பதையும் அப்போதுதான் நாங்கள் மனப்பூர்வமாக ஏற்றோம். ஏழு பிரதிகள் ஒன்றாயின. ஒரு தவறை ஒருமுறை திருத்தினால் போதும் என்ற நிம்மதி, சில ஆண்டுகள் எங்களைத் தாலாட்டியது.

அந்த நிம்மதியில் நாங்கள் கவனிக்கத் தவறிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, 'பொது' என்று பெயர் வைத்த அறைக்குள் எதையும் கொண்டுபோய்ப் போடலாம் என்ற மனோபாவம் எல்லோருக்கும் வந்துவிட்டது. உணவகத்தின் மேசை எண்ணைக் கையாளும் பகுதி அங்கே வந்தது. கிடங்கின் லாரி விவரம் வந்தது. யாரோ ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்காக மட்டும் எழுதிய அச்சு அமைப்பும் வந்தது. அதன் விளைவாக, மேசை எண் சம்பந்தமான ஒரு சிறு மாற்றத்துக்கும் மூன்று மென்பொருள்களையும் பரிசோதிக்க வேண்டிய அவசியம் உண்டாயிற்று.

இரண்டாவது விஷயம் ஜாவாவின் பிரத்தியேக சுபாவத்தைச் சேர்ந்தது. ஜாவாவில் எழுதிய பகுதிகள் கம்பைல் செய்யப்படும்போதே ஒன்றோடொன்று உருக்கி வார்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு கிளாஸ் கோப்பும் தனக்கு வேண்டியவற்றின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஓடும் நேரத்தில்தான் அந்தப் பெயர்களைத் தேடிக் கைகோத்துக்கொள்கிறது. ஆகையால், மென்பொருள் முழுவதையும் மீண்டும் கம்பைல் செய்யாமல், ஒரு ஜாரை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்க முடிகிறது. இது பெரிய சௌகரியம். ஆனால் பெயர் மாறினாலோ, ஒரு மெதட் கேட்கும் விஷயங்களின் எண்ணிக்கை கூடினாலோ, கைகோக்க வந்த கை வெறுங்காற்றைத் துழாவும். கம்பைல் செய்தபோது எந்தக் குறையும் சொல்லாத மென்பொருள், கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில், 'நோ சச் மெதட் எர்ரர்' என்று சொல்லி நின்றுவிடும். ஒரு மெதடில் ஒரே ஓர் அளபுருவைச் சேர்த்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் மூன்று பகுதிகளில் இரண்டை மட்டும் மீண்டும் கட்டியனுப்பிய குற்றத்தை நானே ஒரு சனிக்கிழமை செய்திருக்கிறேன். வேண்டிய லைப்ரரிகளைத் திரட்டி மென்பொருளைக் கட்டித் தரும் மேவன் என்னும் கருவி வந்த பிறகு இத்துன்பம் வேறோர் உருவெடுத்தது. ஒரே லைப்ரரியின் இரு வெர்ஷன்கள் இரு வழிகளில் வந்து சேர்ந்தால், மேவன் நம் புராஜெக்டுக்கு மிக அருகில் குறிக்கப்பட்டதையே எடுத்துக்கொள்ளும், அது பழையதேயானாலும். அதே வேலையைச் செய்யும் கிரேடில் என்னும் கருவியோ, வேறு கட்டளை இல்லையேல், உயர்ந்த வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும். இந்த வேற்றுமையை அறியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள், எந்தச் சுவர் தங்கள் உத்தரத்தைத் தாங்குகிறது என்பதை அறியாமலே வீடு மாறுகிறவர்கள்.

இவையெல்லாம் பூர்வாங்கமே. என் தொழில் வாழ்க்கையில் மறக்கவொண்ணாத இரவு 2018 மே 31-ஆம் தேதி வந்தது.

2015 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் பொருள் சேவை வரி ஆறு விழுக்காடாக அமலில் இருந்தது. 2018 மே 9-இல் நடந்த பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. மே 16-இல் நிதியமைச்சு, ஜூன் 1 முதல் அவ்வரி பூஜ்ய விழுக்காடாகும் என்று அறிவித்தது. இடையில் இருந்தவை பதினைந்து நாட்கள். அதிலும் நோன்பு மாதம், கடைகளில் பெருநாள் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் காலம். எங்கள் அலுவலகத்தில் யாரும் கலங்கவில்லை. வரி விகிதம் 'பொது' ஜாரில் ஒரே ஒரு வரியில் இருந்தது: 'ஸ்டாட்டிக் ஃபைனல்' என்னும் அடைமொழிகளோடு ஒரு முழு எண், அதன் மதிப்பு ஆறு. அதைப் பூஜ்யமாக்கி, ஜாரை மீண்டும் கட்டி, நள்ளிரவில் கடைக்குக் கடை மாற்றி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கணக்கிட்டோம். அப்படியே செய்தோம். மாற்றி வைத்த ஜாரைத் திறந்து, உள்ளே பூஜ்யம் இருப்பதை என் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே உறங்கச் சென்றேன்.

ஜூன் 1, வெள்ளிக்கிழமை. காலையிலேயே தொலைபேசி ஒலித்தது. பட்டர்வொர்த்தில் மளிகைக் கடையும் அதையொட்டி உணவகமும் வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பேசினார். மளிகைக் கடையின் பில்லில் வரி பூஜ்யம். உணவகத்தின் பில்லில் ஆறு விழுக்காடு. இரண்டும் ஒரே கணினியில் ஓடுகின்றன. இரண்டுக்கும் ஒரே 'பொது' ஜார். நான் முதல் படகைப் பிடித்து அக்கரைக்குப் போனேன். சஹர் உணவுக்கு வந்தவர்களிடம் வாங்கிய அதிகப் பணத்தை ஒவ்வொருவருக்கும் எப்படித் திருப்பித் தருவது என்று கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்த அவர், கோபம் சிறிதுமின்றி என்னைப் பார்த்து, "தம்பி, கணக்கு ஒண்ணுதானே? கடைக்கு ஒரு கணக்கா ஏன் வருது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. ஜாரைத் திறந்தேன், பூஜ்யம் இருந்தது. சர்வரை நிறுத்தி மீண்டும் ஓட்டினேன், ஆறு வந்தது. கடைசியில், கிளாஸ் கோப்பைப் பிரித்து அதன் உள்ளுறுப்புகளைக் காட்டும் கருவியை, ஜாவாவுடனேயே வழங்கப்படும் அந்தச் சிறு கருவியை, உணவகப் பகுதியின் மேல் பிரயோகித்துப் பார்த்தேன். வரி கணக்கிடும் இடத்தில், 'பொது' ஜாரிலுள்ள பெயரைத் தேடும் கட்டளை இருக்குமென்று எதிர்பார்த்த இடத்தில், 'பைபுஷ் 6' என்று ஒற்றைக் கட்டளை நின்றது. ஆறு என்னும் எண் உணவகத்தின் கோப்புக்குள்ளேயே பதிந்திருந்தது. அது 'பொது'வைக் கேட்கவே இல்லை.

காரணம் பின்னர் விளங்கியது. ஜாவாவில் ஒரு முழு எண்ணையோ, ஒரு சொற்றொடரையோ, மாறாதது என்று சாசனம் எழுதி, அதன் மதிப்பையும் அங்கேயே கொடுத்துவிட்டால், கம்பைலர் அந்தச் சாசனத்தை மெய்யென்றே நம்புகிறது. மாறாத ஒன்றை ஓடும்போது ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருப்பானேன் என்று கருதி, அதன் மதிப்பை, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கோப்பிலும் கம்பைல் செய்யும் வேளையிலேயே பிரதியெடுத்து வைத்துவிடுகிறது. மளிகைப் பகுதியை வேறொரு காரியத்துக்காக, விகிதத்தைப் பூஜ்யமாக்கிய பின் மீண்டும் கம்பைல் செய்து, அன்றிரவு ஜாரோடு சேர்த்தே மாற்றி வைத்திருந்தோம். ஆகவே அது பூஜ்யத்தை எடுத்துக்கொண்டது. உணவகப் பகுதியை ஓராண்டாக யாரும் தொடவில்லை. ஆகவே அது ஓராண்டுக்கு முந்திய ஆறோடு வாழ்ந்தது. பிரதியெடுத்தலை ஒழிக்க வேண்டுமென்று பத்தாண்டுகளுக்கு முன் நாங்கள் கட்டிய பொதுச்சுவருக்குள்ளேயே, எங்களுக்குத் தெரியாமல், பிரதியெடுத்தல் நடந்துகொண்டிருந்தது. ஜாவா மொழியின் இலக்கண நூலில், பதின்மூன்றாம் அத்தியாயத்தில், இந்த அபாயம் விளக்கமாகச் சொல்லப்பட்டிருப்பதையும், உண்மையில் ஒருநாளும் மாறாதவற்றுக்கே இம்முறையைக் கையாள வேண்டும், மற்றவற்றை ஒரு மெதடின் வழியே கேட்டுப் பெற வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டிருப்பதையும் அன்றிரவு படித்தேன். பதினைந்து ஆண்டுகளாக ஜாவாவில் சம்பாதித்தவன், அந்த அத்தியாயத்தை அதுவரை திறந்ததில்லை.

அன்று முழுவதும் எல்லாப் பகுதிகளையும் புதிதாகக் கட்டி, கடை கடையாகச் சென்று மாற்றினோம். மாற்றிக்கொண்டிருக்கும்போதே மற்றோர் உண்மை புலப்பட்டது. மே மாதம் ஆறு விழுக்காடு வரியோடு வாங்கிய ஒரு பொருளை வாடிக்கையாளர் ஜூன் மாதத்தில் திருப்பிக் கொடுத்தால், அவருக்குச் சேர வேண்டியது அவர் செலுத்திய வரியும் சேர்ந்த தொகை. அவருக்குப் பூஜ்யம் என்று கணக்கிட்டால் அநீதி. ஆகவே பொதுவில் இருக்க வேண்டியது ஆறும் அன்று, பூஜ்யமும் அன்று; 'எந்தத் தேதியில், எந்தப் பொருளுக்கு, என்ன விகிதம்' என்று கேட்டால் விடை சொல்லும் ஒரு மெதடும், அதன் பின்னே ஓர் அட்டவணையும். அரசாங்கத்தின் தீர்மானத்தால் மாறக்கூடிய ஒன்றுக்கு மாறாதது என்று பெயர் சூட்டியதே எங்கள் மூலத் தவறு. அதைக் கம்பைலரின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

இந்த ஞானம் புதியதன்று. என் தாயார் வேலை பார்த்த வலயம் திறக்கப்பட்ட அதே 1972-ஆம் ஆண்டில், டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர், ஒரு மென்பொருளை எந்த அளவுகோலைக் கொண்டு பகுதிகளாகப் பிரிப்பது என்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். எந்தத் தீர்மானம் பின்னால் மாறக்கூடுமோ, அந்தத் தீர்மானத்தை ஒரு பகுதிக்குள் மறைத்து வைத்து, மற்றவர்கள் அதை அறியாமலே வாழும்படி செய்யுங்கள் என்பது அதன் சாரம். வரி விகிதம் என்னும் தீர்மானத்தை நாங்கள் மறைக்கவில்லை. வாசலில் பலகையாக மாட்டி, எல்லோரும் எழுதிக்கொண்டு போகும்படி விட்டிருந்தோம்.

ஜார்ஜ் டவுன் கடைவீட்டுக்கு முன்னால் அஞ்சடி என்று நாம் சொல்லும் நடைபாதை உண்டு. அது வீட்டுக்காரரின் நிலமாயினும், வழிப்போக்கர் அனைவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி அதில் நடக்கலாம். அதை அடைத்துவிட அவருக்கு உரிமை இல்லை. ஆனால் அஞ்சடியில் நடக்கிறவர் உள்முற்றம் வரை வந்து அடுப்பங்கரையை எட்டிப்பார்க்கவும் முடியாது. ஜாவாவிலோ நெடுங்காலம் இந்த எல்லை சரிவர இருந்ததில்லை. ஒரு ஜாரில் 'பப்ளிக்' என்று எழுதப்பட்ட எந்த கிளாஸையும், அது உள்வீட்டு உபயோகத்துக்கே எழுதப்பட்டதாயினும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 1999-இல் தோன்றிய ஓ.எஸ்.ஜி.ஐ. அமைப்பினர் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள்; 2004-இல் எக்லிப்ஸ் மென்பொருள் அதைத் தன் அஸ்திவாரமாக ஏற்றது. ஜாவாவுக்கே உரிய மாட்யூல் முறை 2017 செப்டம்பரில், ஒன்பதாம் வெர்ஷனோடுதான் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாட்யூலும் ஒரு சிறு கோப்பில் இரண்டு விஷயங்களை அறிவிக்கிறது: எனக்கு யார் யார் தேவை, என்னிடமிருந்து எது எது வெளியே தெரியும். அங்கே குறிக்கப்படாத பகுதியைப் பிறர் தொட முயன்றால், கம்பைலரே தடுத்துவிடும்.

நாங்கள் 'பொது'வைக் கலைத்தோம். பணம், வரி, தேதி என்று மூன்று சிறு மாட்யூல்களாக அதைப் பிரித்து, மேசை எண்ணை உணவகத்துக்கும் லாரியைக் கிடங்குக்கும் திருப்பி அனுப்பினோம். வரி மாட்யூலில் வெளியே தெரிவது ஒரே ஒரு கேள்வி; அட்டவணை உள்ளே. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் கொண்ட வெர்ஷன் வைத்தோம். டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த இம்முறையில், கடைசி எண் கூடினால் பிழை திருத்தம். நடு எண் கூடினால் பழையது கெடாமல் புதியது சேர்ந்திருக்கிறது. முதல் எண் கூடினால், உங்கள் உத்தரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். எண்கள் எழுதுவது எளிது. வாக்குத் தவறாமல் எழுதுவதற்குத்தான் சிரத்தை வேண்டும். சிறு திருத்தம் என்று சொல்லி ஒரு மெதடின் நடத்தையை மாற்றியவர், எண்ணைப் பொய்யாக்கியவராகிறார்.

இதுவரை சொன்னவை சுவரைத் தொடுகிறவரின் தர்மம். சுவரில் சாய்ந்திருப்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு என்பதை 2021 டிசம்பர் எங்களுக்குக் கற்பித்தது. நடந்ததை நாட்குறிப்பாக எழுதிவைக்கும் வேலைக்கு ஜாவா உலகம் பெரும்பாலும் நம்பியிருந்த லாக்4ஜே என்னும் லைப்ரரியில், பத்துக்குப் பத்து என்று மதிப்பிடப்பட்ட ஒரு பலவீனம் அம்மாதம் 9, 10 தேதிகளில் உலகறிய வெளிப்பட்டது. வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவில் சில எழுத்துகளை ஒருவர் தட்டினால் போதும். அதைக் குறிப்பேட்டில் எழுத வந்த லாக்4ஜே, எழுத்தைக் கட்டளையாக எண்ணி, எங்கோ உள்ள கணினியிலிருந்து அந்நியரின் நிரலை வரவழைத்து ஓட்டிவிடக்கூடும். திருத்தம் 2.15.0 என வந்தது. அது போதாமல் 2.16.0, பின் 2.17.0, மாத முடிவுக்குள் 2.17.1. நாங்கள் நேரடியாக லாக்4ஜேயைக் கேட்டது ஓரிடத்தில்தான். ஆனால் நாங்கள் கேட்டவர் கேட்டவர் கேட்டது என்ற வகையில், ஜாருக்குள் ஜாராக, அது ஐந்து இடங்களில் ஒளிந்திருந்தது. சார்புகளை மரமாக விரித்துக் காட்டும் மேவன் கட்டளையை ஓட்டி, காகிதத்தில் அச்சிட்டு, சிவப்பு மையால் குறித்துக்கொண்டே போனோம். நான்கு முறை மாற்றினோம். புதுப்பிக்காமல் விட்டுவைப்பதையே பத்திரம் என்று எண்ணி, ஐந்தாண்டுப் பழைய ஜார்களைத் தொடாமல் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் இடத்தில்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. ஏனெனில் அங்கே ஒன்றை உயர்த்த, அதோடு சேர்ந்த பத்தையும் உயர்த்த வேண்டியிருந்தது.

அந்த வாரங்களில் என் மனத்தை உருக்கியது வேறொன்று. உலகத்தின் வங்கிகளும் அரசாங்கங்களும் சாய்ந்திருந்த அந்தச் சுவரைப் பராமரித்தவர்கள், தங்கள் ஓய்வு நேரத்தை ஈந்த ஒரு சில தொண்டர்கள். பண்டிகைக் காலத்தில் உறக்கமின்றி அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தங்களை வெளியிட்டார்கள். ஒருநாளும் கூலி கொடாமல் அந்தச் சுவரில் உத்தரம் செருகியிருந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பின், நாங்கள் பயன்படுத்தும் பிறரது லைப்ரரி ஒவ்வொன்றையும் மாதம் ஒரு முறையேனும் பார்த்து, சிறு சிறு அடிகளாகப் புதுப்பித்துக்கொள்வதையும், கண்ட பிழையை அவர்களுக்குத் தெளிவாக எழுதி அனுப்புவதையும் அலுவலகத்தின் நியமமாக்கினேன்.

2018 செப்டம்பர் 1-இல் பொருள் சேவை வரி போய், விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. 2024 மார்ச் 1-இல் சேவை வரி ஆறிலிருந்து எட்டு விழுக்காடாயிற்று. உணவு, தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு மட்டும் பழைய ஆறே நீடித்தது. இத்தனை நுட்பமான மாற்றத்துக்கு நாங்கள் ஒரு ஜாரையும் தொடவில்லை. இரண்டு வாரம் முன்பே அட்டவணையில் தேதியிட்டுச் சில வரிகள் சேர்த்துவைத்தோம். பிப்ரவரி 29 நள்ளிரவில், வழக்கத்தை விட முடியாமல் நான் விழித்திருந்தேன், பன்னிரண்டு மணிக்குப் பின் வந்த முதல் பில்லைப் பார்த்தேன், சரியாக இருந்தது, விளக்கை அணைத்தேன். என் தொழிலில் நான் பெருமையோடு நினைத்துக்கொள்ளும் இரவு அது. அன்று எதுவும் நிகழவில்லை.

இப்போதும் பணம் மாட்யூலில், ஓர் எழுத்து விடுபட்ட பெயரோடு ஒரு பழைய மெதட் இருக்கிறது. 2008-இல் அவசரத்தில் நான் எழுதியது. சரியான பெயரில் புதியது வந்து ஆண்டுகளாகின்றன. பழையதன் மேல், இது நீக்கப்பட இருக்கிறது என்னும் குறிப்பும், எந்த வெர்ஷனிலிருந்து என்னும் விவரமும் ஒட்டியிருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி, சென்ற மாதம் அதைக் கண்டு, "சார், இத எடுத்துடலாமா? யாரும் கூப்பிடற மாதிரி தெரியல," என்று கேட்டாள். எங்கள் நிரலில் யாரும் கூப்பிடவில்லை என்பது மெய்தான். ஆனால் ஆயர் ஈத்தாமில் ஒரு கடையில், அதன் உரிமையாளரின் மகன் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தானே எழுதிய ஒரு சிறு கணக்கு நிரல், இன்றும் ஒவ்வோர் இரவும் அந்த மெதடைக் கூப்பிட்டுத்தான் நாள்முடிவைக் கூட்டுகிறது. மாற்றிக்கொடுக்கிறோம் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். நான் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். இரவு பத்து மணிக்கு அவர் கதவைச் சாத்தி, விசையை அழுத்த, பழைய அச்சுப்பொறி கரகரவென்று அன்றைய மொத்தத்தை அடித்துத் தள்ளியது. கடைசி இலக்கம் ஐந்தில் முடிந்தது. அவர் ரொக்கத்தை எண்ணிப் பார்த்து, தாளில் ஒரு கோடு கிழித்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து, மெதடின் பெயருக்கு எதிரே அந்தக் கடையின் பெயரை எழுதிக்கொண்டாள்.